தண்ணீர் போகும் பக்கம்

சண்டை மூண்ட முதல் வாரத்திலேயே கப்பல்கள் தரையேறிவிட்டன. துபாய் ஜெபல் அலியில் ஷஹீரா வேலை பார்த்த அலுவலகத்தின் சுவர்த்திரை வரைபடத்தில் எண்ணெய்க் கப்பல் ஒன்று விமான ஓடுபாதையின் நடுவில் நின்றது. வேறு சில கப்பல்கள் பாலைவனத்தில் செக்குமாடு போல ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் அதே கப்பல்களில் ஒன்று எதிரே துறைமுகத்தில் சாவகாசமாகப் பெட்டி இறக்கிக்கொண்டிருக்கும்.

யாரோ எங்கிருந்தோ வானத்தில் பொய்ச் சமிக்ஞைகளைத் தூவிக்கொண்டிருந்தார்கள். ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் குழப்புவதற்காகச் செய்த வேலை. ஆனால் வளைகுடாவில் இருந்த எல்லாக் கருவிகளும் சேர்ந்து குழம்பின. டாக்சிக்காரரின் போன் கராமாவில் நின்றுகொண்டே நடுக்கடலில் இருப்பதாகச் சொன்னது. ஜனங்கள் சிரித்துக்கொண்டே வழி கேட்டுப் போனார்கள். கடலில் வழி கேட்க ஆள் கிடையாது.

ஷஹீரா காயல்பட்டினத்துக்காரி. புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கி, கல்யாணம் ஆகி, ஷார்ஜா ரோலாவில் அத்தர்க் கடை வைத்திருந்த சாதிக் பாட்ஷாவோடு வந்து குடியேறி எட்டு வருடம் ஆகியிருந்தது. அவள் வேலை, கடலில் தொலைந்ததைத் தேடும் கணக்கு. கப்பலிலிருந்து விழுந்த கன்டெய்னர் எங்கே மிதக்கும், கொட்டிய எண்ணெய் எந்தக் கரையில் ஒதுங்கும் என்று சொல்லும் சின்னக் கம்பெனி அது. மொத்தம் மூன்று பேர். கப்பலில் இரண்டாம் அதிகாரியாக ஓடி ஓடிச் சலித்துக் கரைக்கு வந்த தூத்துக்குடி ஜெயசீலன் ஒருவர். பொள்ளாச்சியிலிருந்து போன வருடம் வந்து சேர்ந்த சங்கீதா இன்னொருத்தி.

சண்டை தொடங்கியதும் கடலோரக் காவல்படையிலிருந்து கேப்டன் ஈசா வந்தார். நாற்பது வயதிருக்கும். ஏலக்காய் போட்ட காப்பியைக் கையோடு பிளாஸ்கில் கொண்டுவரும் மனிதர். கடலில் போட்டிருந்த கண்ணிவெடிகளில் சில சங்கிலி அறுந்து மிதந்து வருகின்றன, அவை எந்தப் பக்கம் போகும் என்று கணக்கிட்டுத் தர முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சாஃப்ட்வேர் இருக்கிறது. ஆனால் அது செயற்கைக்கோள் தரும் இடத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். அது பொய் என்று அதனிடம் சொல்ல வழியில்லை," என்றாள் ஷஹீரா.

"அப்படியானால் முடியாதா?"

"முடியும். கையால் போடவேண்டும்."

அன்றே மேஜைகளை இழுத்துப் போட்டார்கள். ஜெயசீலன் பழைய காகித வரைபடம் ஒன்றைத் துறைமுகத்து நண்பரிடமிருந்து சுருட்டிக்கொண்டு வந்து மேஜை நிறைய விரித்தார். கப்பல்களை ரேடியோவில் கூப்பிடுவது அவர் வேலை. "கேப்டன், உங்க மிஷின் சொல்லுதத விடுங்க. ராடார்ல எந்தத் தீவு தெரியுது, எவ்வளவு தூரத்துல தெரியுது, அத மட்டும் சொல்லுங்க" என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறிமாறிக் கேட்பார். கிடைத்த தூரங்களை வைத்து வரைபடத்தில் கோடு இழுப்பார். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கப்பல் இருக்கும்.

ஒவ்வொரு கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும் என்று ஷஹீரா வைத்திருந்தாள். ஜெயசீலனும் சங்கீதாவும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டுவார்கள். விடை ஒத்துப்போனால் அது வரைபடத்தில் ஏறும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேரும் முதலிலிருந்து போட வேண்டும்.

"இந்த வயசுல பரீட்ச எழுத வச்சிட்டியேம்மா. அதும் பார்த்து எழுதவும் விடமாட்டேங்கியே," என்றார் ஜெயசீலன்.

"அண்ணா, உங்க விடையப் பாத்து எழுதுனா நான் பெயிலாயிருவனுங்க," என்றாள் சங்கீதா திரும்பாமலே.

"இது நாம புதுசாக் கண்டுபிடிச்சதில்ல. எண்பது வருஷத்துக்கு முந்தி உலகப் போர்ல இப்படித்தான் பண்ணாங்க," என்றாள் ஷஹீரா. "பீரங்கிக் குண்டு எங்க போய் விழும்னு பக்கம் பக்கமாக் கணக்குப் போட்டதெல்லாம் பொம்பளப் பிள்ளைங்கதான். அப்ப கம்ப்யூட்டர்ங்கறது மிஷினோட பேர் கிடையாது, வேலையோட பேரு. உங்க அக்கா என்ன பண்றாங்கன்னு கேட்டா கம்ப்யூட்டரா இருக்காங்கன்னு சொல்லுவாங்க."

"அப்போ நான் கம்ப்யூட்டருங்களா? இத மொதல்ல எங்கம்மாகிட்டச் சொல்லணும். எக்ஸெல் தெரிஞ்ச பொண்ணுன்னுதான் மாப்பிள்ள வீட்டுல சொல்லிட்டிருக்காங்க."

ஷஹீரா சிரித்தாள். ஆனால் அந்தக் கணக்கின் பிறப்பு அவளுக்குத் தெரியும். கடலில் தேடும் இந்த முறையே அதே போரில், நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடுவதற்காகக் கணித அறிஞர்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் பிறப்பித்தது. கண்டுபிடித்த கப்பல்களைக் குண்டு போட்டு மூழ்கடித்தார்கள். படிக்கிற காலத்தில் அது வெறும் பாடமாக இருந்தது. இப்போது சீருடை போட்ட ஒருவர் எதிரே உட்கார்ந்து காப்பி ஊற்றிக் கொடுக்கும்போது, பாடம் சற்றுக் கனத்தது.

அதைப் பற்றி ஊரில் இருந்த வாப்பாவிடம் போனில் சொன்னாள். வாப்பா கலீலுர் ரஹ்மான் சங்கு வியாபாரம் செய்து ஓய்ந்தவர். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மைன் எங்க போவுதுன்னு சொல்ற வேலதானே? நல்ல வேலதான், செய்யி. எங்க போவணும்னு சொல்ற வேலைக்கு மட்டும் போயிராத."

அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து சந்தோஷமாகவே கணக்குப் போட்டாள். உள்ளதைச் சொன்னால், அவளுக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் திரும்பி வந்துவிடச் சொல்லிப் பதறிக்கொண்டிருக்க, இவள் காலையில் பஸ் ஏறி, மெட்ரோ மாறி, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவாள். மதியம் ஜெயசீலன் கராமாவிலிருந்து மூன்று மீன் சாப்பாடு வரவழைப்பார். மாலைக்குள் கேப்டன் ஈசாவின் கையில் அன்றைய வரைபடம் போய்விடும்.

அப்படி ஒரு வாரத்தில், செவ்வாய்க்கிழமை ஓர் எண்ணெய்க் கப்பலின் மாலுமிகள் கறுப்பாக உருண்டையாக ஒன்று மிதப்பதைக் கண்டார்கள். கண்ணிவெடிதான். அதன் மேல் துருத்திக்கொண்டிருந்த கொம்புகளில் மஞ்சள் நைலான் கயிறு ஒன்று சுற்றிக்கிடந்தது என்றும் சொன்னார்கள். ஜெயசீலன் தீவின் தூரத்தைக் கேட்டு வாங்கி இடத்தைக் குறித்தார்.

புதன்கிழமை காலை கேப்டன் ஈசா காப்பி பிளாஸ்க் இல்லாமல் வந்தார். கூடவே ஒரு தமிழர். நீலச் சட்டை, காலில் ரப்பர்ச் செருப்பு, கையில் கசங்கிய கைக்குட்டை.

"இவர் ராக்கப்பன். அஜ்மானில் மீன்பிடி லாஞ்சுக்காரரிடம் வலை பின்னுகிறவர். இவருடைய ஆட்கள் கடலில் காணாமல் போயிருக்கிறார்கள்."

ராமநாதபுரத்துக்காரர் அவர். தங்கை நாகவள்ளியின் புருஷன் வில்லாயுதம்தான் அந்த லாஞ்சை ஓட்டுகிறவன். அவனோடு இன்னும் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்கக் கிளம்பியவர்கள் செவ்வாய்க்கிழமை கரைக்கு வந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை மதியம் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடைக்குப் பக்கத்தில் வேறொரு லாஞ்சுக்காரர் அவர்களைப் பார்த்துக் கையசைத்திருக்கிறார். அதன்பிறகு தகவல் இல்லை.

"மேடம், இஞ்சின் நின்னுருக்கும் மேடம். போன தடவையே மக்கர் பண்ணுச்சு. மாத்திக் குடுங்கன்னு மொதலாளிகிட்டச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாய்ங்க," என்றார் ராக்கப்பன்.

ஷஹீரா அவரை உட்காரச் சொன்னாள். சங்கீதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஹெலிகாப்டர் போகாதா?" என்று ஈசாவிடம் கேட்டாள்.

"வான்வெளி மூடியிருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு ரோந்துப் படகு. அதுவும் கண்ணிவெடிக்காக ஒதுக்கியது. இன்று ஒரு நாள் மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன். எங்கே போகட்டும், சொல்லுங்கள்."

வரைபடத்தில் கட்டம் போட்டார்கள். முறை இதுதான். லாஞ்சு எந்தக் கட்டத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு நூறு மார்க்கைப் பங்குபோட வேண்டும். அதிக வாய்ப்புள்ள கட்டத்துக்கு அதிக மார்க். தேடிப் பார்த்து அங்கே இல்லையென்றால் அந்தக் கட்டத்தின் மார்க்கைப் பெரும்பாலும் பிடுங்கி மற்றக் கட்டங்களுக்குக் கொடுக்க வேண்டும். வடமேற்கிலிருந்து பலமான காற்று. இஞ்சின் நின்ற லாஞ்சைக் காற்று தென்கிழக்கே, கரைப்பக்கம் தள்ளும். தண்ணீரின் ஓட்டம் அந்தப் பருவத்தில் பொருட்படுத்தும்படி இருக்காது என்பது பழைய பதிவுகள் சொன்னது. மூன்று பேரும் போட்ட கணக்கில் மேடைக்குத் தென்கிழக்கே இருந்த ஐந்து கட்டங்கள் பாதிக்கு மேல் மார்க் வாங்கின.

ஈசாவின் படகு போனது. பொழுது சாயுமட்டும் தேடியது. ஒரு மரத்துண்டுகூட அகப்படவில்லை.

அன்று ஷஹீரா வீட்டுக்குப் போனபோது சாதிக் கடையை அடைத்துவிட்டு முன்னாலேயே வந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தான். இரண்டாவது தோசைக்குப் பிறகு அவளே சொன்னாள்.

"ஆறு பேரு மச்சான். நான் சொன்ன இடத்துல இல்ல."

"அப்ப நீ சொல்லாத இடத்துல இருக்காங்க. உன் கணக்கே அதானே, இல்லாத இடத்தத் தெரிஞ்சுக்கிட்டா இருக்குற இடம் கிட்ட வரும்னு நீதானே சொல்லுவ?"

"ஆமா."

"பின்ன என்ன. சாப்புடு."

வியாழக்கிழமை அவள் போய்ச் சேர்வதற்குள் சங்கீதா கட்டங்களில் மார்க்கை மாற்றிப் போட்டு வைத்திருந்தாள். தேடிய இடங்கள் வெளிறிப்போயிருந்தன. மிச்ச மார்க் முழுவதும் பெரிய பரப்பில் சிந்திக் கிடந்தது. எந்தக் கட்டமும் நிமிர்ந்து நிற்கவில்லை. ராக்கப்பன் அதற்கு முன்பே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஈசா போன் செய்தார்: இன்று படகு கண்ணிவெடியைத் தேடிப் போயாக வேண்டும், மேலிடத்து உத்தரவு. அந்தக் கண்ணிவெடி இப்போது எங்கே இருக்கும் என்று முதலில் அதைச் சொல்லுங்கள்.

அவர் மேல் தப்பில்லை. ஒரு கப்பல் அதில் மோதினால் இருபது முப்பது உயிர் போகும். அவள் பென்சிலை எடுத்தாள். ஆறு பேரை ஒதுக்கிவைத்துவிட்டு ஓர் இரும்பு உருண்டைக்குக் கணக்குப் போடுவது அவளுக்கு ஒப்பவில்லை. இருந்தாலும் போட்டாள்.

பத்து மணிக்கு ஜெயசீலன் ரேடியோவிலிருந்து காதொலிப்பானைக் கழற்றாமலே கையை உயர்த்தினார்.

"ஏம்மா, மைனப் பாத்துட்டாவ. கன்டெய்னர்க் கப்பல் ஒண்ணு. இப்பத்தான் அரை மணிக்கு முன்ன தாண்டிருக்கு. மஞ்சக் கயிறு சுத்திக் கிடக்காம்."

"தூரம் கேட்டீங்களா?"

"ரெண்டு தீவு, ஒரு மேடை. மூணும் வாங்கிட்டேன்."

கோடு இழுத்தார். அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, தப்பாக இழுத்துவிட்டோமோ என்று மறுபடி இழுத்தார். சங்கீதாவும் தனியாக இழுத்துப் பார்த்தாள். அதே இடம்தான். செவ்வாய்க்கிழமை பார்த்த இடத்திலிருந்து நேர் மேற்கே, அவர்கள் நினைத்ததைவிட வெகுதூரம் போயிருந்தது.

"இது அதே மைன் தானுங்களா? வேறயா இருந்தா?" என்று கேட்டாள் சங்கீதா.

"மஞ்சக் கயிறு கட்டுன மைன் எத்தனை இருக்கப்போவுது?" என்றார் ஜெயசீலன்.

ஷஹீரா இரண்டு புள்ளிகளையும் பார்த்தாள். கண்ணிவெடி ஏன் மேற்கே போனது? அது தண்ணீருக்குள் அமுங்கி மிதக்கிற பொருள். மேலே ஒரு முழம்கூடத் தெரியாது. காற்றுக்கு அதைப் பிடித்துத் தள்ள இடமில்லை. அது போகும் பக்கம் தண்ணீர் போகும் பக்கம். அப்படியென்றால் இந்த வாரம் தண்ணீர் மேற்கே ஓடுகிறது. பழைய பதிவுகள் எதுவும் சொல்லாதபடி, பலமாக ஓடுகிறது.

"அண்ணே, ரெண்டு நாளா நம்ம கடல்ல நீரோட்டம் அளக்குற மீட்டர் ஒண்ணு மிதந்துக்கிட்டு இருந்திருக்கு. நாம அத வெடிகுண்டாவே பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்," என்றாள்.

ஜெயசீலன் மேஜையைத் தட்டினார். "அடி சக்கை!"

ஆனால் லாஞ்சு கண்ணிவெடியைப்போல அமுங்கிக் கிடப்பதில்லை. தண்ணீர் மேற்கே இழுக்கும், காற்று தென்கிழக்கே தள்ளும். இரண்டில் எதற்கு எவ்வளவு பணிந்தது என்பது, லாஞ்சில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஷஹீரா நாற்காலியை இழுத்து ராக்கப்பன் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, போன தடவ இஞ்சின் நின்னுச்சுன்னு சொன்னீங்களே. அப்ப உங்க மாப்ள என்ன செஞ்சாரு? உங்ககிட்டச் சொன்னாரா?"

ராக்கப்பன் நெற்றியைத் தடவினார். "சொன்னாப்ல மேடம். அன்னைக்கும் காத்துத்தான். கரைப்பக்கம் பாறைக்கு இழுத்துட்டுப் போயிரும்னு பயந்துட்டாய்ங்க. மீன்கூண்டு இருக்குல்ல, கம்பிக் கூண்டு, அத நாலஞ்ச ஒண்ணாக் கட்டித் தண்ணிக்குள்ள தொங்கவிட்டாய்ங்களாம். அது கனத்துக்குப் புடிச்சுக்கிட்டு, காத்துக்கு லாஞ்சு அவ்வளவா நகரலயாம்."

"இந்தத் தடவையும் அப்படியே செஞ்சிருப்பாரா?"

"அது எப்படி மேடம் நான் சொல்றது?" என்றார் ராக்கப்பன். "ஆனா மாப்ள ஒரு தடவ தப்பிச்ச வழிய விடுற ஆளு இல்ல. ஊர்லயும் அப்படித்தான். ஒரே பஸ்ஸு, ஒரே டீக்கடை."

ஷஹீரா ஜெயசீலனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூண்டு தொங்குச்சுன்னா காத்து பாதிக்கு மேல செத்துரும்," என்றார் அவர். "தண்ணி எங்க போவுதோ அங்கதான் லாஞ்சும் போவும். மைன் பின்னாலயே."

மூன்று வழிகளில் மார்க்கைப் பிரித்தார்கள். கூண்டு இறக்கியிருந்தால் ஒரு பாதை. இறக்காவிட்டால் ஒரு பாதை. பாதியில் இறக்கியிருந்தால் இரண்டுக்கும் நடுவில். எதற்கு எவ்வளவு என்பதில் சண்டை வந்தது. ஜெயசீலன் கூண்டுக்கே எண்பது கொடுக்கச் சொன்னார். சங்கீதா ஐம்பதுக்கு மேல் ஏற மறுத்தாள். "பயத்துல மனுசன் என்ன பண்ணுவான்னு யாருக்குங்க தெரியும்?" என்றாள். ஷஹீரா அறுபத்தைந்தில் முடித்தாள். பிறகு இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அறையில் கால்குலேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

முதல் முறை விடைகள் ஒத்துப்போகவில்லை. ஜெயசீலன் ஓர் இடத்தில் கூட்டுவதற்குப் பதில் கழித்திருந்தார். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி போட்டார். இரண்டாம் முறை ஒத்துப்போனது.

வரைபடத்தில் வெளிறிக் கிடந்த மார்க் மேற்கே திரண்டது. கண்ணிவெடியின் புதிய இடத்துக்குத் தென்கிழக்கே, ஒன்றையொன்று ஒட்டி நான்கு கட்டங்கள். ஷஹீரா ஈசாவை போனில் அழைத்தாள்.

"கேப்டன், உங்கள் கண்ணிவெடி கிடைத்துவிட்டது. இடம் அனுப்புகிறேன். அதற்குப் போகிற வழியிலேயே லாஞ்சும் இருக்கலாம் என்று நினைக்கிறோம். கொஞ்சம் தெற்கே ஒதுங்கிப் போனால் போதும்."

"எவ்வளவு உறுதி?"

"நூற்றுக்கு அறுபது."

"நேற்று எவ்வளவு சொன்னீர்கள்?"

"ஐம்பத்தைந்து."

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு, "யல்லா, ஐந்து மார்க் கூடியிருக்கிறது. போகிறேன்," என்றார்.

படகு கிளம்பியதும் கடல் மோசமாகி, இரவு முழுக்க வழியில் ஒரு தீவோரம் ஒதுங்க வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை அவர்கள் கம்பெனிக்கு விடுமுறை நாள். ஆனாலும் மூன்று பேரும் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். சாதிக்கும் கூட வந்தான். ஜும்மாவுக்கு அங்கேயே பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போய்க்கொள்வதாகச் சொன்னான். ராக்கப்பன் முந்தின இரவு வீட்டுக்குப் போனாரா என்பதே சந்தேகம். அதே நீலச் சட்டையில் இருந்தார்.

செய்ய ஒன்றுமில்லை. கணக்கு முடிந்துவிட்டது. சங்கீதா பென்சில்களை நீளவாரியாக அடுக்கினாள். ஜெயசீலன் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு யானையைக் கப்பலில் ஏற்றிய கதையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். யாரும் மீதியைக் கேட்கவில்லை.

பதினோரு மணி இருக்கும். ஈசாவின் படகிலிருந்து ரேடியோ வந்தது. ஜெயசீலன் காதில் வைத்துக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு ராக்கப்பனைப் பார்த்துச் சொன்னார்:

"ஆறு பேரும் இருக்காங்கய்யா. உசிரோட இருக்காங்க."

ராக்கப்பன் எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் கதவுவரை போனார், திரும்பினார். சாதிக் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சங்கீதாவும் அழுதாள், அழுதுகொண்டே லாஞ்சு கிடைத்த இடத்தை வாங்கி வரைபடத்தில் குறித்தாள். நான்கு கட்டங்களுக்கும் வெளியே, அடுத்த கட்டத்தின் ஓரத்தில், ஒரு நகக்கண் தள்ளி விழுந்தது புள்ளி. அந்தக் கட்டத்துக்கு அவர்கள் கொடுத்திருந்தது வெறும் ஏழு மார்க்.

"பெயிலா மேடம்?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"பக்கத்துப் பெஞ்சுல இருந்திருக்காங்க. படகுல இருந்து கண்ணுக்குத் தெரிஞ்சதே, போதும்," என்றாள் ஷஹீரா. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலை கடற்படை ஆட்கள் தூரத்தில் நின்றபடி கண்ணிவெடியைச் சுட்டு வெடிக்கவைத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது ஜெயசீலன் மட்டும், "நல்ல மீட்டரு. போயிட்டுதே," என்றார்.

சனிக்கிழமை லாஞ்சை அஜ்மானுக்கு இழுத்து வந்தார்கள். ஈசா கார் அனுப்பியிருந்தார். ஆறு பேரையும் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். உதடு வெடித்து, தோல் உரிந்து, மற்றபடி நன்றாகவே இருந்தார்கள். மீனுக்குப் போட்டிருந்த ஐஸ் உருகிய தண்ணீரைக் குடித்தே தாக்குப்பிடித்ததாகச் சொன்னார்கள். "இன்னும் ஒரு மாசத்துக்கு மீன் வாடையே ஆகாது மேடம்," என்றான் ஒருவன்.

வில்லாயுதம் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதன். ஷஹீரா அவனிடம் கேட்க ஒரு கேள்வியை இரண்டு நாளாக வைத்திருந்தாள்.

"கூண்ட எப்ப இறக்குனீங்க? இஞ்சின் நின்ன உடனேயா?"

அவன் ராக்கப்பனைப் பார்த்தான், பிறகு கூச்சத்தோடு இவளைப் பார்த்தான்.

"இல்லைங்க. மொத நாளு தார்ப்பாயப் பாய் மாதிரி கட்டி, காத்துலயே கரைக்கு வந்துரலாம்னு பாத்தோம். கொஞ்ச தூரம் வந்தோம். ராத்திரி தார்ப்பாய் கிழிஞ்சிருச்சு. அப்பறந்தான் கூண்ட இறக்குனோம்."

ஷஹீரா கண்ணை மூடிக் கணக்கை ஓட்டிப் பார்த்தாள். முதல் நாள் தென்கிழக்கே அவர்கள் நினைத்ததைவிட அதிகம் வந்திருக்கிறார்கள். அதன்பிறகு தண்ணீரோடு மேற்கே போயிருக்கிறார்கள். ஏழு மார்க் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த வழி அதுதான்.

"பாத்தீங்களாண்ணா, மனுசன் என்ன பண்ணுவான்னு தெரியாதுன்னு சொன்னனுங்களே?" என்றாள் சங்கீதா ஜெயசீலனிடம்.

"எண்பது குடுத்திருந்தா நம்ம கதி?" என்று ஜெயசீலனே ஒப்புக்கொண்டார். "ஆனாலும் ஒரே டீக்கடைக்காரன் தார்ப்பாய் கட்டுவான்னு நான் கண்டேனா."

எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று புரியாமலே வில்லாயுதமும் சிரித்தான். ஈசா ஏலக்காய்க் காப்பியைக் குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் ஊற்றி நீட்டினார். துறைமுகத்தில் வெயில் கொளுத்தியது. லாஞ்சின் நிழலில் நின்று குடித்தார்கள்.

ராக்கப்பனின் போன் அடித்தது. போட்டிம் வீடியோ அழைப்பில் அவர் தங்கை. வில்லாயுதத்தைப் பார்த்ததும் அந்தப் பக்கம் அழுகையும் திட்டும் ஒன்றாக வந்தன. திட்டுத்தான் அதிகம். அவன் தலையைக் குனிந்து "சரி, சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். கொஞ்சநேரம் கழித்துப் போனை ஷஹீராவின் பக்கம் திருப்பினான்.

"உங்களப் பாக்கணுங்குறா. கணக்குப் போட்டுக் கண்டுபுடிச்சாங்கன்னு மச்சான் சொல்லிருக்காப்ல."

திரையில் முப்பது வயதுப் பெண். அழுது வீங்கிய கண். பின்னால் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம். நாகவள்ளி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையில் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டீங்களாக்கா?" என்று கேட்டாள் கடைசியில்.

"இல்லம்மா, இனிமேத்தான்."

"அவுகளையும் கூட்டிட்டுப் போயி சாப்புட வைங்க. கூச்சப்பட்டுக்கிட்டு வேணாம்பாரு. விடாதீங்க."

ஷஹீரா விடவில்லை. கராமாவில் ஜெயசீலனுக்குத் தெரிந்த கடையில், இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, லாஞ்சுக்காரர்கள் ஆறு பேருக்கும் மீன் இல்லாத சாப்பாடு சொன்னார்கள்.